நூலக வரி நாமும் கட்டுகிறோம்

ஊராட்சியில் வீட்டு வரி கட்டினால் ஒரு ரசீது தருகிறார்கள். அதை நாலாக மடித்து ரேஷன் அட்டைக்குள் செருகி வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். ஒருமுறை எடுத்து விரித்துப் பாருங்கள். வீட்டு வரியோடு 'நூலக வரி' என்று இன்னொரு தொகையும் சேர்ந்திருக்கும். நூறு ரூபாய் வீட்டு வரி என்றால் பத்து ரூபாய் நூலகத்துக்கு. ஊர்த் தெருவில் மாடி வீடு கட்டியவரும் கட்டுகிறார், குடியிருப்பில் தொகுப்பு வீட்டில் இருப்பவரும் கட்டுகிறார். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட நூலகங்களில் சுற்றும் மின்விசிறியிலும், புதிதாக வந்து இறங்கும் புத்தகக் கட்டிலும் நம் கூலிக் காசு இருக்கிறது.

இது யாரோ இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு அல்ல, சட்டம். சுதந்திரத்துக்கு மறு ஆண்டே, 1948-இல், அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இயற்றிய முதல் மாகாணம் நம்முடையதுதான். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தார். சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். தொடக்கத்தில் குறைவாக இருந்த நூலக வரி பின்னர் ரூபாய்க்குப் பத்து காசாக உயர்ந்தது. ஊராட்சியும் நகராட்சியும் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். வசூலித்த பணத்தைச் சரியாகச் செலுத்தாமல் உள்ளாட்சி அமைப்புகள் நிலுவை வைக்கின்றன என்பது பழைய புகார். நம்மிடம் வாங்கிய காசு எங்கே நிற்கிறது என்று கிராம சபையில் எழுந்து கேட்பவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கேட்கிறோம். நூலக வரியையும் கேட்கலாம்.

நாம் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 31 சதவீதம், அரியலூரில் சுமார் 23 சதவீதம். மாநில சராசரியே 20 சதவீதம்தான். வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் உடைப்பவர்களும், செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் பிடுங்குபவர்களும், செந்துறை, ஆண்டிமடம் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குபவர்களும் பெரும்பாலும் நம் மக்கள். அவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் நூலக உறுப்பினர் அட்டை இருக்கிறது? உங்கள் தெருவிலேயே பத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பொது வழி, பொதுக் கிணறு, பொதுக் குளம், அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடம் ஆகியவற்றைச் சாதி காரணமாக யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு. நூலகத்தின் வாசலில் இன்று யாரும் நம்மைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஆனால் நூலகம் எந்தத் தெருவில் நிற்கிறது என்பது வேறு கேள்வி.

2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்பினார்கள். நல்ல திட்டம்தான். பல இடங்களில் சில ஆண்டுகளிலேயே கதவு பூட்டிக்கொண்டது, சில ஊர்களில் அது சாமான் அறையானது. பூட்டாமல் இருக்கும் கட்டடங்களைப் பார்த்தாலும் பெரும்பாலும் ஊர்த் தெரு நடுவில், கோயிலுக்குப் பக்கத்தில், பெரியவர்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு எதிரில். சட்டப்படி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் எட்டாம் வகுப்புப் படிக்கும் நம் வீட்டுப் பெண் சாயங்காலம் அந்தத் திண்ணைகளைத் தாண்டி, 'யார் வீட்டுப் பொண்ணு, எதுக்கு இந்தப் பக்கம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு நாள் போவாள். மூன்றாம் நாள் போக மாட்டாள். இதற்கு எந்தச் சட்டப் பிரிவிலும் வழக்குப் போட முடியாது.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். வரவேற்றோம். பெயர் போனதோடு, அந்தத் தெருவில் இல்லாத கட்டடங்களும் வந்தால் இன்னும் நன்றாக இருக்கும். இனி புதிதாகக் கட்டும் ஊர்ப்புற நூலகத்தைக் குடியிருப்புப் பக்கம் கட்டட்டும். ஊர்த் தெருப் பிள்ளைகள் நடந்து வரட்டும். அந்த நடையும் ஒரு கல்விதான்.

இனி நகரத்துக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்ட மைய நூலகமானாலும் அரியலூர் மாவட்ட மைய நூலகமானாலும், உள்ளே போனதும் கண்ணில் படுபவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு. தண்ணீர் பாட்டிலும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் பையில் இருக்கும். 'நூலகம் கோச்சிங் சென்டர் ஆகிவிட்டது, இலக்கியம் படிக்க ஆள் இல்லை' என்று சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. அந்த அலுப்பில் நமக்குப் பங்கில்லை. சாயும் திண்ணை வீட்டிலேயே இருப்பவருக்கு நூலகம் பொழுதுபோக்கு. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கு அது படிக்கக் கிடைத்த ஒரே மேசை. அந்த மேசையில் உட்கார்ந்து படித்து, வீட்டிலேயே முதல் அரசு ஊழியரானவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

ஆனால் தேர்வுப் புத்தகத்தோடு திரும்பிவிடாதீர்கள். தினமும் பத்து நிமிடம் எழுந்து மற்ற அலமாரிகளைப் பாருங்கள். 'புதிய வரவு' என்று எழுதி வைத்திருக்கும் தட்டு எங்கே என்று கேளுங்கள். அங்கே நம் ஆட்கள் எழுதிய புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நூலகத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறோம். மேசையில் இருக்கும் நூலகரிடம் போய், 'ப. சிவகாமி எழுதிய பழையன கழிதலும் இருக்கிறதா?' என்று கேளுங்கள். ஏன் அந்தப் புத்தகம்? சிவகாமி 1957-இல் பெரம்பலூரில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, 2008-இல் பதவியை விட்டு விலகியவர். 1989-இல் வெளிவந்த அந்த நாவலைத் தமிழில் ஒரு தலித் பெண் எழுதிய முதல் நாவல் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அவரே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்துப் படிக்கிறார்கள். வெளியூரில் பேராசிரியர்கள் படிக்கும் இந்தப் புத்தகம், எழுதியவர் பிறந்த ஊரின் நூலகத்தில் ஒரு பிரதியாவது இருக்க வேண்டாமா?

படித்தவர்களுக்குத் தெரியும், அது ஆதிக்கச் சாதியினரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கதை அல்ல. தங்கம் என்ற கைம்பெண் அடிபட்டு, தலைவர் காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். காத்தமுத்து அவளுக்காக நிற்கிறார், காவல் நிலையம் போகிறார், பேரம் பேசுகிறார். அதே காத்தமுத்து தன் வீட்டுப் பெண்களை எப்படி நடத்துகிறார் என்பதை மகள் கௌரி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நம் தலைவர்களையும் நம் வீட்டு ஆண்களையும் கேள்வி கேட்கும் துணிச்சல் 1989-இலேயே ஒரு பெரம்பலூர்ப் பெண்ணுக்கு இருந்தது. அந்தக் கேள்விக்கு இன்றும் நம் தெருக்களில் பதில் பாக்கி இருக்கிறது. கல்லூரி மாணவிகள் இதைப் படிக்க வேண்டும். மாணவர்கள் அவர்களுக்கு முன்பே படிக்க வேண்டும்.

சிவகாமி கிடைத்துவிட்டால் அடுத்து இமையத்தைக் கேளுங்கள். வெள்ளாற்றுக் கரைக்காரர், பக்கத்துக் கடலூர் மாவட்டம் கழுதூரில் வளர்ந்து அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய பேச்சு வழக்கு நம் குன்னம், செந்துறைப் பேச்சுக்கு வெகு தூரம் இல்லை. 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தது. 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது. பிறகு பாமாவின் 'கருக்கு', அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'. அண்ணலின் எழுத்தும் பேச்சும் 'டாக்டர் அம்பேத்கர் நூல் தொகுப்பு' என்று 37 தொகுதிகளாகத் தமிழில் வந்திருக்கின்றன. எல்லாத் தொகுதியும் ஒரு கிளை நூலகத்தில் இருக்க வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. மாவட்ட மைய நூலகத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இல்லை என்ற பதில் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். நூலகர் புத்தகம் வாங்குவதில்லை, வந்து இறங்குவதை அடுக்குபவர் அவர். ஊர்ப்புற நூலகர் நிலை இன்னும் பாவம், குறைந்த ஊதியத்தில் திறப்பது, பெருக்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஒரே ஆள். புத்தகத் தேர்வு மேலே நடக்கிறது. எந்தப் பதிப்பகத்தின் எந்தப் புத்தகம் நூலகத்துக்குப் போகும் என்பதில் எத்தனையோ ஆண்டுகளாகச் சிபாரிசும் செல்வாக்கும் விளையாடின என்று எழுத்தாளர்களே வெளிப்படையாகக் குறை சொல்லி வந்தார்கள். அதன் பிறகுதான் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை என்று ஒன்றை 2024-இல் அரசு அறிவித்து, பதிப்பகங்கள் இணையம் வழியாக விண்ணப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. சிறு பதிப்பகங்களுக்கு இது ஒரு வாசல். தலித் எழுத்தில் பெரும்பகுதி சிறு பதிப்பகங்களிலிருந்தே வருகிறது என்பதால் நமக்கும் வாசல். வாசகர் பக்கம் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. வேண்டிய புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஒருவர் கேட்டால் அது விருப்பம், இருபது பேர் கேட்டால் அது கோரிக்கை.

புத்தகம் அலமாரியில் இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு அயோத்திதாசப் பண்டிதர் கதை போதும். 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று வார இதழ் தொடங்கி, பிறகு 'தமிழன்' என்ற பெயரில் தன் கடைசி நாள்வரை நடத்தினார். பௌத்தம், வரலாறு, அரசியல், மருத்துவம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதினார். 1914-இல் மறைந்தார். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கே அவர் பெயர் தெரியாமல் போனது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தங்கள் பொறுப்பில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' புத்தகமாக வந்தது. ஒரு வீட்டில் கரையான் ஏறியிருந்தால் ஒரு நூற்றாண்டுச் சிந்தனை போயிருக்கும். நம் அறிவைக் காக்கும் வேலை இனியும் தனிமனிதர் வீட்டுப் பரணில் நடக்கக் கூடாது. அதற்குத்தான் நூலக வரி.

நம் மாவட்டத்திலேயே வரிக்காகக் காத்திராமல் எழுந்த நூலகம் ஒன்று உண்டு. செந்துறை வட்டம் குழுமூர். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்தவர். பழைய முறைப்படி மருத்துவக் கட்-ஆஃப் 196.75. நீட் தேர்வு அந்தக் கதவை மூடியபோது உச்ச நீதிமன்றம்வரை சென்று வாதாடியவர்களில் ஒருவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். சிலை, மணிமண்டபம் என்று எத்தனையோ வழி இருக்க, அவர் குடும்பத்தாரும் ஆதரவாளர்களும் அவர் பெயரில் அந்த ஊரில் ஒரு நூலகத்தை எழுப்பினார்கள். 2023-இல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்குக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அந்தக் கல்லூரியில் அவர் மாணவியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு நூலகம் லட்ச ரூபாய் நீட் பயிற்சிக்கு ஈடாகாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழுமூர் நூலகம் வேறொன்றைச் செய்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைக்குப் படிக்கும் இடம் குடியிருப்பிலேயே, கேள்வி கேட்கும் திண்ணைகள் இல்லாத தூரத்தில் கிடைக்கிறது. செப்டம்பர் 1 அன்று வந்து மாலை போடும் தலைவர்கள், போகும்போது ஆளுக்கு ஒரு கட்டுப் புத்தகம் வைத்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது விழாக்கள். நூலகங்களில் ஆண்டு முழுவதும் ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்த நாள், அதுவே நூலகர் தினம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி, கதை சொல்லல், வாசகர் வட்டக் கூட்டம். பெரம்பலூரில் பத்தாண்டுக்கும் முன்பே புத்தகத் திருவிழா தொடங்கிவிட்டது. இப்போது எல்லா மாவட்டத்திலும் அரசே நடத்துகிறது. இந்த விழாக்களில் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் போகும் நேரம் கொஞ்சம் அதிகம் என்பது நம் தாழ்மையான கருத்து. அது போகட்டும். போட்டிகளில் பரிசு வாங்கும் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகள். அறிவிப்பு அவர்கள் பள்ளிக்கு முதலில் போகிறது, கொண்டுவந்து விட பெற்றோரிடம் வண்டி இருக்கிறது.

இதை மாற்ற ஒரு வழி, ஆதிதிராவிடர் நல விடுதிகள். 2025-இல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றிய அதே விடுதிகள்தான். பல விடுதிகளிலிருந்து நூலகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. விடுதிக் காப்பாளரும் நூலகரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், விடுதியில் இருக்கும் அத்தனை பிள்ளைகளையும் உறுப்பினராக்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாக அழைத்துப் போகலாம். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி: 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. டிக்கெட் காசைக் காரணம் காட்டி இனி அவர்களை நிறுத்த முடியாது. மாலை விழாவை ஐந்து மணிக்குத் தொடங்காமல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் கிராமத்துப் பிள்ளை பரிசையும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு சேரும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, அழைப்பிதழில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். இன்று நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் முதியோர், மாற்றுத் திறனாளிகள் வீடுகளுக்கே புத்தகம் கொண்டுபோகிறார்கள். அந்தப் பட்டியலில் நம் தெருவின் பெயர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் அதில் தன்னார்வலராகச் சேரலாம்.

அண்ணலின் வாழ்க்கையிலும் ஒரு புத்தகப் பரிசு உண்டு. 1907-இல் அவர் மெட்ரிக் தேறியபோது பம்பாயில் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பூங்காவில் தனியாக உட்கார்ந்து படிக்கும் இந்தப் பையனைக் கவனித்து வந்த கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தான் எழுதிய புத்தர் வரலாற்றை அன்று பரிசாகக் கொடுத்தார். 1956-இல் நாகபுரியில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். நூலகப் போட்டிகளில் பிளாஸ்டிக் டப்பாவும் எவர்சில்வர் தட்டும் பரிசு கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஊர்தோறும் நம் அம்பேத்கர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 14 அன்று சமத்துவ நாள் உறுதிமொழி எடுக்கிறோம், மாலை போடுகிறோம், பெரிய பிளக்ஸ் வைக்கிறோம். வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு பிளக்ஸ் வைக்கும் இடத்தில் மூன்று வையுங்கள். மிச்சக் காசோடு கொஞ்சம் சேர்த்து ஆயிரம் ரூபாய் கட்டினால், மன்றத்தில் ஒருவர் நூலகப் புரவலர் ஆகலாம். புரவலராக இருப்பவர் வாசகர் வட்டக் கூட்டத்தில் எழுந்து, அடுத்த மாதம் சிவகாமி நாவலைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னால் மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது. கூட்டத்துக்குப் போகும்போது வீட்டு வரி ரசீதையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.